ஈசானிய மூலையில் ஒரு குழி

வீட்டுப் படத்தை நான்கு தடவை வரைந்தேன். இருபத்து நான்கு அடிக்குப் பதினெட்டு அடி. இரண்டு அறை, முன்னால் தாழ்வாரம், பின்னால் அடுக்களை. ஒவ்வொரு தடவையும் கதவும் ஜன்னலும் இடம் மாறின. மாறாதது தரை ஒன்றுதான். மண்தரை வேண்டும் என்பது என் மனைவியின் நிபந்தனை.

அப்போது நான் மலாயாவில் கூலாய்க்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்தேன். சிங்கப்பூரில் வெளிவந்த ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு வட்டாரச் செய்திகளும் எழுதி அனுப்புவேன். குடியிருந்தது தோட்டத் தொழிலாளர் லயத்தின் கோடி அறையில். லயம் முழுவதும் மரத்தூண்களின் மேல் பலகை பாவிக் கட்டியது. பக்கத்து அறைக்காரர் எழுந்து நடந்தால் எங்கள் அறையில் செம்பும் தட்டும் அதிரும். எங்கள் முதல் பிள்ளை அங்கேதான் எட்டாம் மாதத்தில் காய்ச்சல் கண்டு இறந்தான். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் கொசுவைக் காரணம் சொன்னார். என் மனைவி பலகையைச் சொன்னாள். சாணம் மெழுகிய மண்ணில் படுத்து வளராத பிள்ளைக்கு உடம்பில் பலம் ஊறாது என்பது அவள் ஊர் நம்பிக்கை. நான் அவளோடு வாதாடவில்லை. வாதாடி ஜெயித்தாலும் பிள்ளை வரப்போவதில்லை.

மறுபடி கருவுற்றபோது அவள் கெடு வைத்தாள்.

"ஏழாம் மாசம் முடியறதுக்குள்ள நம்ம வீட்டு மண்ணுல நான் படுக்கணும். இல்லன்னா ஊருக்குக் கப்பல் ஏத்திவிடுங்க. எங்கம்மா வீட்டுல பெத்துக்கறேன்."

"பெத்துட்டுத் திரும்பி வருவேதானே?"

"அதை இப்பவே கேக்காதீங்க."

நிலம் கூலாய் டவுன் எல்லைக்குள் இருந்தது. பழைய அன்னாசிக் காடு. முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல், என் பெயரில். மரவேலைக்கு ஒரு ஜாவாக்காரத் தச்சரைப் பேசினேன். அவர் நிலத்தை ஒருமுறை சுற்றிவந்து, நின்ற இடத்தில் குதிகாலை ஊன்றித் திருப்பினார். குதிகால் பட்ட பள்ளத்தில் தண்ணீர் கசிந்தது.

"பாக்கேய் தியாங் லா, கிராணி" என்றார். தூண் போட்டுக் கட்டு என்று பொருள்.

தூண் வேண்டாம், இரண்டடி உயரத்துக்கு மண்மேடை போட்டு அதன்மேல் கட்டப்போகிறோம் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் பலகை அறுக்கப் போனார்.

மேடைக்கு மண் எங்கே எடுப்பது என்பதில் எங்களுக்குள் கருத்து வேற்றுமையே இல்லை. மனைக்கு வேண்டிய மண்ணை மனையிலேயே எடுக்க வேண்டும். அயல் மண் ஆகாது. எடுக்கும் குழி வடகிழக்கில், ஈசானிய மூலையில் இருக்க வேண்டும். அங்கே நீர் நின்றால் குடும்பத்துக்கு நல்லது. என் மனைவிக்கும் தெரிந்த விதி, எனக்கும் தெரிந்த விதி, மண் வெட்ட வந்த ரோட்டு வேலைக்காரர் இருவருக்கும் தெரிந்த விதி. நான்கு பேர் ஒரே தவற்றை ஒரே மனதாகச் செய்தோம். அந்த விதி பிறந்த ஊர்களில் குழியில் நின்ற நீர் தையில் வற்றிவிடும். கூலாயில் மழை பிற்பகல்தோறும் வந்தது.

பதினாறு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம், நாலரை அடி ஆழம். ஒன்பது நாளில் மேடை எழும்பியது, குழியும் நிறைந்தது. அடி களிமண் ஒரு சொட்டையும் இறங்க விடவில்லை. என் மனைவி மேடையின் மேல் நின்று எது அடுக்களை, எது உள்ளறை என்று பாதத்தால் கோடு போட்டாள். இரண்டு வாரம் கழித்துச் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். சைக்கிளைச் சாய்த்துவிட்டு நேரே குழிக்குப் போனார்.

"கிராணியார், உதென்ன, மீன் வளக்கிறதுக்கோ?"

"வீட்டுக்கு மண் எடுத்த இடம். பின்னால கிணறாக்கிக்கலாம்னு பாத்தோம்."

"கிணறோ? உது கொசுவுக்கு நீங்கள் கட்டிக் குடுத்த மாளிகை. உங்கடை வீட்டுக்கு முதல் அதுகளின்ரை வீடு முடிஞ்சிட்டுது." என் மனைவியிடம் ஒரு கண்ணாடி டம்ளர் கேட்டு வாங்கி, குழியில் முகந்து, வெளிச்சத்தில் பிடித்தார். "பேப்பரிலை கொசுவைப் பற்றி எழுதினது நீங்கள்தானே?"

ஆமாம் என்றேன். வீட்டைச் சுற்றி நீர் தேங்க விடலாகாது என்று இருபது வரி எழுதியிருந்தேன். இரண்டாம் பக்கத்தில் வந்தது.

"நல்லா எழுதியிருந்தியள். நான் வெட்டி வைச்சிருக்கிறன்."

பத்து நாள் தவணை தந்தார். ஒன்று குழியை மூட வேண்டும், அல்லது வாரம் தவறாமல் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சம்மன். டம்ளரை என் மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் அதைக் கீழே வைக்கவில்லை. டம்ளருக்குள் தலைகீழாகத் தொங்கி, நெளிந்து, மேலே வந்து மூச்சு வாங்கிப் போகும் புழுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இதுதான் கொசுவாகுதா?"

"ஆமா."

"டிரெஸ்ஸர் சொன்ன கொசு?"

"அதே ஜாதிதானான்னு எனக்குத் தெரியாது."

உண்மையில் தெரியாது. எண்ணெய் ஊற்றிவிடலாம், மேடை அப்படியே இருக்கட்டும் என்றேன். வாராவாரம் நானே ஊற்றுகிறேன் என்றும் சொன்னேன்.

"நீங்களா? போன தீபாவளிக்கு நல்லெண்ணெய் வாங்க மறந்தது யாரு?"

"அது வேற."

"மூடிடுங்க."

"மூட மண்ணு வேணுமே?"

அவள் முகவாயால் மேடையைக் காட்டினாள். நான் மேடையைப் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை. டம்ளர் நீரைக் காய்ந்த மண்ணில் கொட்டி, அது உறிஞ்சும்வரை நின்றாள். பிறகு உள்ளறை என்று கோடு போட்டிருந்த இடத்திலிருந்து ஒரு கூடை மண்ணை அவளே அள்ளினாள். ஐந்து மாதம் முடிந்திருந்த வயிறு. இரண்டாவது கூடையை நான் பிடுங்கிக்கொண்டேன்.

குழியை முதலில் இறைத்து வற்றவைத்தோம். பிறகு அதே ஆட்கள் அதே மண்ணை அதே கூடைகளில் திருப்பிக் கொண்டுபோனார்கள். தச்சரிடம் தூண் போடச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. தூணுக்கான மரத்தை முன்பே அறுத்து ஒதுக்கி வைத்திருந்தார் என்பதை அன்று மாலைதான் கவனித்தேன்.

ஆறாம் நாள் மேடை தீர்ந்தது. குழி தீரவில்லை, ஒரு சாண் ஆழம் மிச்சம் நின்றது. மண்வெட்டிகள் நின்றன. ஏன் நின்றன என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மனை பார்க்கிறவர்கள் குழி தோண்டி, தோண்டிய மண்ணை அதிலேயே போட்டுப் பார்ப்பார்கள். மிஞ்சினால் உத்தமம், சரியாக இருந்தால் மத்திமம், குறைந்தால் அந்த மனையில் குடியேறக் கூடாது.

மண் வெட்டியவர்களில் மூத்தவர் என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார். "கொறையுதுங்க ஐயா. கொறஞ்சா குடி வெளங்காதும்பாங்க."

என் மனைவிக்குக் கேட்டுவிட்டது. அவள் குழியின் விளிம்பு வரை வந்தாள். அந்த நிமிஷத்தில் அவள் கப்பல் என்று சொல்லியிருந்தால் நான் டிக்கெட் வாங்கியிருப்பேன். அவள் மூத்தவரிடம் கேட்டாள்.

"அண்ணே, இத்தனை நாளு மழை கரைச்சுக்கிட்டுப் போன மண்ணு எவ்வளவுன்னு அளந்தீங்களா?"

"அது... இல்லம்மா."

"அப்ப எதை வெச்சுக் கொறையுதுங்கறீங்க? ரோட்டோரத்துல வெட்டிப் போட்ட மண்ணு கெடக்குதே. ரெண்டு வண்டி கொண்டாந்து கொட்டுங்க."

"அயல் மண்ணும்மா."

"நாம மட்டும் என்ன, இந்த ஊரு மண்ணுலயா மொளைச்சோம்?"

இளையவர் சிரித்துவிட்டார். மூத்தவர் சிரிக்கவில்லை, ஆனால் வண்டி பிடிக்கப் போனார். கொட்டி, இடித்து, சமன் செய்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒன்பதாம் நாளே வந்து அதன்மேல் இரண்டு முறை நடந்து பார்த்தார்.

வீடு தூண்களின் மேல் நின்றது. பலகைச் சுவர், ஓலை வேய்ந்த அத்தாப்புக் கூரை, ஐந்து படி. அடுப்புக்காகத் தச்சர் ஒரு பெரிய மரத் தொட்டி செய்து அதில் மண் நிரப்பித் தந்தார். மலாய் வீடுகளில் அப்படித்தான். என் மனைவி தொட்டி மண்ணைச் சாணம் போட்டு மெழுகினாள். மெழுகுவதற்கு அந்த வீட்டில் இருந்த மண் அவ்வளவுதான். ஏழாம் மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது பால் காய்ச்சிக் குடிபோனோம்.

மறுநாள் அவள் அம்மாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். அவளுக்கு எழுத்துப் பழக்கம் இல்லை. அவள் சொல்ல நான் எழுதுவது வழக்கம்.

"நான் வரலைன்னு எழுதுங்க. பேறுகாலம் இங்கேதான்."

எழுதினேன்.

"தரை பலகைதான்னு எழுதுங்க. அழுவாங்க. பரவாயில்ல."

எழுதினேன்.

"குட்டையை மூடியாச்சுன்னு எழுதுங்க."

"குட்டை இருந்ததே அவங்களுக்குத் தெரியாதே."

"அப்ப அதையும் எழுதுங்க. யாரு வெட்டினதுன்னும் எழுதுங்க."

அரைப் பக்கத்தில் முடிய வேண்டிய கடிதம் மூன்று பக்கம் ஆனது. குழியின் நீளம், அகலம், ஆழம், நீர் நின்ற நாட்கள், இன்ஸ்பெக்டர் பத்திரிகையைப் பற்றிச் சொன்னது, எல்லாவற்றையும் எழுதினேன். படித்துக் காட்டினேன். அவள் ஒரு வரியையும் மாற்றச் சொல்லவில்லை.

கப்பல் தபாலில் பதில் வந்துசேர்ந்தபோது, உள்ளறையில் பெண் பிறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.