ப்ரீஆம்ப்பில் இருந்த அரை வோல்ட்

ஏகாம்பரம் ஸ்பீக்கரை மேசைமேல் வைத்ததுமே உள்ளே வாய்ஸ் காயில் என்ற கம்பிச்சுருள் கருகிய வாடை அடித்தது. அன்று திங்கட்கிழமை. "எம்பொண்ணு வால்யூம ஃபுல்லா வெச்சு எரிச்சிட்டாக்கா. கேட்டா இல்லன்னு பொய் வேற சொல்றா" என்றார். செட்டு மொத்தத்தையும் கொண்டுவந்திருந்தார். பார்த்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன்.

ஒரகடத்தில் ஆம்ப்ளிஃபையர் செய்யும் கம்பெனியில் பதினெட்டு வருடம் டெஸ்ட் லைனில் இருந்தவள் நான். அந்த லைனை மூடியபின் படப்பையில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை போட்டேன். ஏகாம்பரம் சேரப்பணஞ்சேரிக்காரர். கார் பாகங்கள் செய்யும் இடத்தில் ஷிஃப்ட் வேலை. பாட்டு என்றால் உயிர். அவரிடம் ப்ரீஆம்ப் தனி, பவர் ஆம்ப் தனி. ப்ரீஆம்ப் பாட்டின் சிக்னலை வாங்கி, வால்யூமைக் கூட்டிக் குறைத்து அனுப்பும். ஸ்பீக்கரை ஆட்டும் பலத்தைக் கொடுப்பது பவர் ஆம்ப். பழைய பவர் ஆம்ப் கெட்டுப்போய், வேறொரு கம்பெனியின் பவர் ஆம்ப்பை யாரிடமோ வாங்கியிருந்தார். முந்தைய சனிக்கிழமைதான் இரண்டையும் என்னிடம் காட்டி, "வேற வேற கம்பெனியா கீதே, அக்கா, ஒத்துப்போவுமா?" என்று கேட்டார்.

கம்பெனிப் பெயரைப் பார்த்தா கரண்ட் ஓடுகிறது, அளவு பொருந்தினால் போதும் என்று பெரிதாகப் பேசினேன். ப்ரீஆம்ப் தரும் சிக்னல், பவர் ஆம்ப்புக்கு வேண்டிய சிக்னல், இம்பீடன்ஸ் என்கிற மின்தடை அளவு எல்லாம் அளந்தேன். சரியாக இருந்தன. இரண்டின் முதுகிலும் பச்சை ஓகே ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தேன். லைனில் வந்த பழக்கம் அது. அந்த ஸ்டிக்கரில் எனக்குக் கர்வமும் உண்டு.

ஆனால் இரண்டையும் இணைத்து ஓட்டிப் பார்க்கவில்லை. லைனில் ஒவ்வொரு யூனிட்டும் தனியாகத்தான் டெஸ்ட் ஜிக் என்ற சோதனை மேடையில் ஏறும், பாஸ் ஆகும், போய்விடும். அந்த ஜிக்கின் வாசலில் ஒரு கப்பாசிட்டர் இருக்கும். அது பாட்டை உள்ளே விடும், ஒரே திசையில் பாயும் டிசி வோல்டேஜைத் தடுத்துவிடும். என் கடை மேசையையும் அச்சு அசலாக அப்படியே அமைத்திருந்தேன். பதினெட்டு வருடப் பழக்கம் கையில் இருக்கும்போது மூளைக்கு அதிக வேலை இல்லை.

திங்கட்கிழமை அவர் போனதும் ஸ்பீக்கரைப் பிரித்தேன். காயில் முன்பக்கமாகத் தள்ளி நின்று கருகியிருந்தது. சத்தம் கூடி எரிந்தால் இப்படித் தள்ளி நிற்காது, டிசி ஏறினால்தான் ஒரே பக்கம் தள்ளும். ஜிக் இல்லாமல், மீட்டரை நேராக ப்ரீஆம்ப் அவுட்புட்டில் வைத்தேன். இடது சேனலில் அரை வோல்ட் டிசி. உள்ளே அதைத் தடுக்க வேண்டிய கப்பாசிட்டர் லீக். பழைய பவர் ஆம்ப் அந்த டிசியை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறது. புதியதில் தடுப்பே இல்லை. அரை வோல்ட்டை முப்பது மடங்காக்கி ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிட்டது. பாட்டே போடாமல் ஆன் செய்து வைத்திருந்தாலும் எரிந்திருக்கும். அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை.

அப்போதே போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. முதலில் சரிசெய்துவிடுவோம், பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். கம்பெனி ஆட்கள் நாலு பேர் என் ஸ்டிக்கரை நம்பித்தான் கடைக்கு வருகிறார்கள்.

வியாழக்கிழமை காலேஜ் பஸ்ஸிலிருந்து இறங்கி அவர் மகள் பவித்ரா நேராகக் கடைக்கு வந்தாள். எவ்வளவு வால்யூம் வைத்தால் ஸ்பீக்கர் எரியும் என்று கேட்டாள். தான் கால்வாசிதான் வைத்ததாகச் சொன்னாள்.

"நான்தான் எரிச்சேன்னே இருக்கட்டும் ஆன்ட்டி. கால்வாசிக்கும் எரியும்னு மட்டும் அப்பாகிட்ட சொல்லுங்க. பொய் சொல்லிட்டேன்னு நாலு நாளா எங்கூட பேச மாட்டேங்கிறாரு."

ஷட்டரை இறக்கி, அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு சேரப்பணஞ்சேரிக்குப் போனேன். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

ஏகாம்பரம் ஷிஃப்ட் முடித்து வந்து யூனிஃபார்ம்கூட மாற்றாமல் நின்றிருந்தார். தப்பு என்னுடையது, இணைத்துப் பார்க்காமல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன், உங்கள் பெண் சொன்னது அத்தனையும் உண்மை என்றேன். அவர், "மெஷின்தானேக்கா, வுடுங்க" என்றார். மகள் பக்கம் திரும்பினார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்போ தெரியும் ஆன்ட்டி?"

"திங்கக்கிழமை."

"இன்னிக்கு வியாழன்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

ஸ்பீக்கரையும் ப்ரீஆம்ப்பையும் சரிசெய்து நானே கொண்டுபோய் வைத்தேன். ஏகாம்பரம் இன்றும் கடைக்கு வருகிறார். பவித்ரா வருவதில்லை.

இந்த வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு கம்பெனி யூனிட்டுகளைச் சேர்க்கும் முன் ஜிக்கை நம்பாமல் டிசி அளந்துவிடுங்கள். இணைத்து, ஸ்பீக்கருக்குப் பதில் டம்மி லோடு மாட்டி ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். இதெல்லாம் சுலபம், ஒருமுறை சூடு பட்டால் கை தானாகச் செய்யும். எரிந்து வந்தது உங்கள் தப்பால்தான் என்று தெரிந்தால், அந்த நிமிடமே போனை எடுங்கள். அந்த நேரத்தில் ஏதோ ஒரு வீட்டில், அதற்காக யாரோ ஒருவர் திட்டு வாங்கிக்கொண்டிருப்பார்.