நாலாவது பட்டன்

இல்லாத நாட்டு ஆட்களுக்கு வசனம் எழுதுவதும், அதற்காக இருக்கிற நாட்டு ஆட்களிடம் திட்டு வாங்குவதும் என் தொழில். காரைக்காலில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஐந்து பேர் சேர்ந்து, செல்போனில் ஆடும் மாயாஜால கேம் ஒன்றைச் செய்கிறோம். வாள், அசுரன், சாபம் எல்லாம் உண்டு. ஆடுகிறவர் முதலில் தன் முகத்தைத் தானே செய்துகொள்ள வேண்டும். அப்புறம் நாடு முழுக்க நடந்து, எதிர்ப்படுகிறவர்களோடு பேச வேண்டும். என்ன பதில் சொல்லலாம் என்பதை நாங்களே பட்டன்களாகக் கொடுத்துவிடுவோம்.

ஆடுகிறவர்கள் எழுதி அனுப்பும் கருத்துகளைப் படித்து வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சொல்ல வேண்டியவளும் நான்தான். சொல்ல வேண்டியவள். புகார்ப் பெட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மீதி புரியும்.

மூக்கு

முகம் செய்யும் பக்கத்தில் மூக்கு எங்கள் பெருமை. நீளம், அகலம், நுனி, துவாரம் என்று எதை வேண்டுமானாலும் இழுத்துச் சரிசெய்யலாம். வெளியிட்ட முதல் வாரமே கும்பகோணத்திலிருந்து ஒருவர் எழுதினார்: "ஞாயித்துக்கிழமை பூரா உட்கார்ந்து எங்க அப்பா மூக்கு மாதிரியே செஞ்சேன். முதல் சண்டையிலயே இரும்புத் தொப்பி மாட்டி மூடிட்டீங்க. அந்த மூக்கை நான் எப்பங்க பார்க்கிறது?"

ஆறு நிறம்

படங்கள் வரைவது ரிஸ்வானா அக்கா. தோலுக்கு ஆறு நிறம் வைத்திருந்தார். ஆறிலும் கறுத்தது, பால் கொஞ்சம் தூக்கலான டீ. அவர் அதைக் காட்டிய அன்றே என் கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் கை அந்த ஆறில் இல்லை. சொன்னால் அக்கா வருத்தப்படுவாரோ என்று கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

வெளியான பிறகு திருவேட்டக்குடியிலிருந்து ஒருவர் எழுதினார். அவர் கடலுக்குப் போகிறவர். அவர் தெருவில் ஒருத்தர்கூட இந்த ஆறில் இல்லையாம். அக்கா வருத்தமெல்லாம் படவில்லை. அன்று மதியத்துக்குள் இன்னும் நான்கு நிறம் சேர்த்துவிட்டார். எனக்கு முதலிலேயே தெரியும் என்று நான் உளறியபோதுதான் நாற்காலியைத் திருப்பினார். "ஏண்டி, பக்கத்து நாற்காலியில நீ உட்கார்ந்திருக்க, இதைச் சொல்றதுக்குத் திருவேட்டக்குடிலேர்ந்து ஆள் வரணுமா?"

அசுரன்

எங்கள் வீட்டில் மாடு பிடிக்க வரும் தரகரைக்கூட 'வாங்க' என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பழக்கத்தில் அசுரனுக்கும் மரியாதையாகவே எழுதிவிட்டேன். ஏழு தலையோடு குகையிலிருந்து வெளியே வந்து, "வாங்க, உங்களுக்காகத்தான் காத்திருக்கேன்" என்கிறான். திருவாரூரில் ஒரு கல்லூரி மாணவி கேட்டாள்: "இவன் என்னைக் கொல்ல வந்திருக்கானா, பத்திரிகை வைக்க வந்திருக்கானா?"

நாலாவது பட்டன்

பதில்களுக்கு வழக்கமாக மூன்று பட்டன். முதலாவது மறுப்பது, இரண்டாவது 'சரி', மூன்றாவது எதிர்க்கேள்வி. நான் யாரையும் கேட்காமல் நாலாவதாக ஒன்று வைத்தேன்: 'ஒன்றும் சொல்லாமல் நில்.' அதை அமுக்கினால் எதிரே இருப்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கொஞ்ச நேரம் நம் முகத்தைப் பார்ப்பார். ஆற்றங்கரையில் ஓடக்காரி ஒருத்தி உண்டு. அவள் நம் பேச்சுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து ஓடத்தில் இடம் கொடுப்பாள். நான் எழுதியதில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். வசனமே கிடையாது.

மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை. புகார் குவிந்தது. நாகூர்க்காரர் ஒருவர் எழுதியதில் எல்லாப் புகாரும் அடங்கிவிட்டது: "நாலாவதை அமுக்கினா எல்லாரும் என்னையே உத்துப் பாக்குறாங்க. பட்டன் ரிப்பேரா, இல்ல நான் எதுவும் தப்பு பண்ணிட்டனா?"

போலகத்துக்காரர்

அந்தப் பட்டனை எடுக்கச் சொல்லிப் பலரும் எழுதிக்கொண்டிருந்த நாளில் போலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெயர் போடவில்லை. தனக்குப் பேச்சு திக்கும் என்றும், எதிரே நிற்கிறவர்கள் மீதியைத் தாங்களே சொல்லி முடித்துவிடுவார்கள் என்றும் எழுதியிருந்தார். பஸ்ஸில் அவர், வழியிலேயே இருக்கும் பட்டினம் என்ற ஊரின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கண்டக்டர் காரைக்காலுக்கு டிக்கெட் கிழித்துவிடுவாராம். கேமில் எல்லாரிடமும் நாலாவதைத்தான் அமுக்குகிறாராம்.

'உங்கள் கருத்துக்கு நன்றி, பரிசீலிக்கிறோம்' என்று எல்லாருக்கும் போகும் பதிலையே அவருக்கும் அனுப்பினேன். கூட்டத்தில் படிப்பதற்காகக் கடிதத்தின் கடைசி வரிகளை நோட்டில் எழுதிக்கொண்டேன்: "அந்த ஓடக்கார அம்மா மட்டும் அவசரப்படாம நிக்கிறாங்க. தயவு செஞ்சு அதை எடுத்துடாதீங்க."

வெள்ளிக்கிழமை

எங்கள் ஊர் குரும்பகரத்திலிருந்து வரும் பஸ்ஸில் அதை மூன்று முறை மனசுக்குள் படித்துப் பார்த்தேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. பத்து மணிக்குக் கூட்டம். முதலாளி அந்துவான் சார் பிரான்ஸில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர், ஒரு நிமிஷம் பிந்தமாட்டார். போனின் சின்னத் திரையில் நான்கு பட்டன் வைத்தால் எழுத்து பொடியாகிறது, நாலாவதை எடுத்துவிடலாமா என்று கேட்டார். "யாருக்காவது எதாவது சொல்லணுமா?"

சார் அவசரப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் முகத்தில் கொஞ்சம் கூடுதலாகவே நின்றார். என் விரல் நோட்டில்தான் இருந்தது. ரிஸ்வானா அக்கா மேஜைக்கு அடியில் என் காலைத் தட்டினார். நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். சார் பேனாவைத் திறந்தார். "சரி, யாரும் ஒண்ணும் சொல்லல. அப்ப எடுத்துடலாம்."

இரண்டாவது பட்டன்

நாலாவது பட்டன் இல்லாத கேம் எல்லார் போனுக்கும் போன மறுநாள் போலகத்துக்காரர் எழுதினார். கோபமே இல்லை. "பரவாயில்லைங்க. இப்பல்லாம் ரெண்டாவதை அமுக்கிடுறேன். யார் எது கேட்டாலும் சரின்னு சொல்லிட்டு வந்துடுறேன்." அதைப் படித்துவிட்டுத்தான் நோட்டை எடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன். பேசவில்லை, நீட்டினேன். அடுத்த மாதமே பட்டன் திரும்பி வந்தது. அவருக்கு நானே சொந்தமாக ஒரு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அதற்குள் அவர் கேமைப் போனிலிருந்தே அழித்துவிட்டதை எங்கள் கணக்கு காட்டியது.

அன்று நோட்டைப் படித்து முடித்த சார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இவ்வளவுதானா? அன்னிக்கே சொல்லியிருந்தா வெச்சிருப்பேனேம்மா."

பேச முடியாதவர்களுக்காக நான் வைத்த பட்டனை, அதற்காகப் பேச வேண்டிய ஒரே நாளில் நானே அமுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.