வண்டி நிறைய அம்மாக்கள்

பள்ளிக்கூட வேன் ஓட்ட வருவதற்கு முன்னால் நான் கேஸ் சிலிண்டர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு நிம்மதியான பிழைப்பு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. சிலிண்டர் அழாது. ஏற்றினால் ஏறும், இறக்கினால் இறங்கும். முக்கியமாக, அதற்கு அம்மா கிடையாது.

வேன் வாங்கச் சொன்னது என் மனைவி. "உங்க கத்தலுக்குப் பெரியவங்க யாரும் அடங்கறதில்ல. சின்னப் பசங்களாவது அடங்கறாங்களான்னு பாப்போம்" என்றாள். அவர்களும் அடங்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறக்கிற அன்று நர்சரிக் குழந்தைகளை ஏற்றி முடிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். ஒன்று கேட்டைக் கட்டிக்கொண்டு வராது. ஒன்று ஷூவைக் கழற்றித் தெருவில் எறியும். போன வருஷம் ஒரு பையன் என் கையைக் கடித்துவிட்டான். ஊசி போடணுமா என்று டாக்டரிடம் போய் நின்றேன். "யாருக்கு, உங்களுக்கா பையனுக்கா?" என்று கேட்டார்.

அதனால் இந்த வருஷம் மூளையைக் கசக்கினேன். அபூர்வமாக நடக்கிற காரியம் என்பதால் வீட்டில் யாரும் தடுக்கவில்லை. உதித்த யோசனை இதுதான்: பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, ஓர் ஒத்திகை. புதுக் குழந்தைகளை அம்மாக்களோடு வேனில் ஏற்றி, பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் காட்டி, திரும்பக் கொண்டுவந்து விடுவது. வழி பழகிவிட்டால் பயம் போய்விடும் அல்லவா?

ஒத்திகை அமர்க்களமாக நடந்தது. வாட்ச்மேனைத் தாஜா பண்ணி வகுப்பறையைத் திறக்க வைத்தேன். குழந்தைகள் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்தார்கள், தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார்கள், நான் வாங்கிவந்த பிஸ்கெட்டைத் தின்றார்கள். நான் கரும்பலகைக்கு முன்னால் நின்று அம்மாக்களுக்குச் சொற்பொழிவே ஆற்றினேன். "நாம பதறினா குழந்தையும் பதறும். நாம அமைதியா இருந்தா அதுவும் அமைதியா இருக்கும்." கேட்டுக்கொண்டிருந்த எனக்கே புல்லரித்தது.

மொத்தம் ஐந்து குழந்தைகள். அதில் ஒருத்திக்கு நான் வைத்த பெயர் வக்கீலம்மா. எதைச் சொன்னாலும் ஏன், எதுக்கு என்று குறுக்கு விசாரணை செய்வாள். அவள் அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை. அம்மாவுக்குப் பல வருஷம் அலைந்து, இப்போதுதான் ஓர் ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் வேலை கிடைத்திருந்தது. பள்ளி திறக்கிற அதே திங்கட்கிழமைதான் அவளுக்கும் முதல் நாள். ஒத்திகை முடிந்து இறங்கும்போது, "முதல் நாளே லேட்டா வந்தா வரவே வேண்டாம்னு மேனேஜர் சொல்லியிருக்கார்ணா. உங்களை நம்பித்தான் இருக்கேன்" என்றாள். "கவலைய விடும்மா" என்று காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை முதல் வீட்டில் பையன் அழாமல், தானாகவே ஏறினான். ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினான்.

"அம்மா, ஏறு."

"நான் வரலடா. நீ மட்டும்தான்."

"நேத்து வந்தியே?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஸ்டீயரிங்கைப் பார்த்தேன். பையனின் உதடு பிதுங்க ஆரம்பித்தது. "இன்னிக்கு ஒரு நாள் மட்டும்ணா" என்று அவள் ஏறிவிட்டாள். இரண்டாவது வீட்டுப் பெண் வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஓர் அம்மா உட்கார்ந்திருப்பது தெரிந்ததும் அவளும் தன் அம்மாவை இழுத்துக்கொண்டு ஏறினாள். மூன்றாவது அம்மா கைக்குழந்தையோடு வந்தாள். நாலாவது வீட்டுக்காரி கேட்கவே இல்லை, பையைத் தூக்கிக்கொண்டு நேராக ஏறினாள்.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. நான் இவர்களைப் பள்ளிக்கூடம் போகப் பழக்கவில்லை, அம்மாவோடு போய் பிஸ்கெட் தின்றுவிட்டு வரப் பழக்கியிருக்கிறேன். அந்தப் பாடத்தைத்தான் எல்லாக் குழந்தைகளும் அப்பழுக்கில்லாமல் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள். "என்னங்க, எல்லாம் அமைதியா நடக்குதா?"

"அமைதியாத்தான் இருக்கு. அம்மாக்கள்லாம் பேசிக்கிட்டு வராங்க."

"அம்மாக்களா?" என்றாள். "உங்க பழைய லாரிக்காரர் இன்னும் ஆள் தேடறாராம். சொல்லி வைக்கவா?"

கடைசி வீடு வக்கீலம்மாவுடையது. அம்மாவும் பெண்ணும் வாசலில் தயாராக நின்றார்கள். இரண்டு பேருக்கும் புது யூனிஃபார்ம், இரண்டு பேர் கழுத்திலும் புது அடையாள அட்டை. வக்கீலம்மா வேனுக்குள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"எல்லாரோட அம்மாவும் வந்திருக்காங்க. நீயும் ஏறு."

"எனக்கு வேலை இருக்கு கண்ணு."

"அவங்களுக்கெல்லாம் இல்லையா?"

அம்மா ஏற வேண்டிய பஸ் அப்போது எங்களைத் தாண்டிப் போனது. அவள் அதைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. "பரவால்லண்ணா, நீங்க கிளம்புங்க. நான் அங்க போன் பண்ணி வரலன்னு சொல்லிடறேன்" என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. யாரும் கேட்காமலே ஒரு யோசனை செய்து, அவளுடைய வேலைக்கு நானே உலை வைத்திருந்தேன். 

வக்கீலம்மா விசாரணையை விடவில்லை.

"உன் ஆஸ்பத்திரிய முன்னாடியே போய்ச் சுத்திப் பாத்தியா?"

"இல்ல."

"அங்க யாரைத் தெரியும்?"

"யாரையும் தெரியாது."

"யாரும் பிஸ்கெட் குடுக்கலையா?"

இல்லையென்று அம்மா தலையை ஆட்டினாள். வக்கீலம்மா என் பக்கம் திரும்பினாள். "மாமா, அப்ப எங்கம்மாவத்தான் முதல்ல கொண்டுபோய் விடணும்."

ஆஸ்பத்திரி பள்ளிக்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது. நான் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பினேன். அரட்டை நின்றுவிட்டது. எல்லா அம்மாக்களும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். எவ்வளவு வேகத்தில் போனேன் என்பதை இங்கே சொல்லாமல் இருப்பது என் லைசென்ஸுக்கு நல்லது. போய்ச் சேர்ந்தபோது இரண்டொரு நிமிஷம் மீதி இருந்தது.

வக்கீலம்மா அம்மாவின் கையைப் பிடித்து இறக்கி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த செக்யூரிட்டியிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஆபத்துக்கு இருக்கட்டும் என்று நானும் பின்னாலேயே போனேன்.

"இவங்க எங்கம்மா. புதுசு. இங்க யாரையும் தெரியாது. அழுதாங்கன்னா திட்டாதீங்க."

அந்த மனிதர் சிரிக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். "சரிம்மா. நான் பாத்துக்கறேன்."

அம்மா குனிந்து பெண்ணின் கன்னத்தைத் தொட்டாள்.  "உன் கூட யாரு இருப்பா கண்ணு?"

"எனக்குத்தான் நேத்தே எல்லாம் காட்டிட்டாங்களே. நீ போ, லேட்டாகுது."

அம்மா உள்ளே போனாள். நாங்கள் வேனுக்குத் திரும்பியபோது கைக்குழந்தைக்காரி இறங்கி நின்றிருந்தாள். "எனக்கு இங்கேர்ந்தே பஸ் இருக்குண்ணா" என்றாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளைகளின் காதில் ஏதோ சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டார்கள். முதல் வீட்டுப் பையன் விசும்பினான். வக்கீலம்மா போய் அவன் தட்டிக் காட்டிய அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

வண்டியைக் கிளப்பினேன். பாதை ஒரே மங்கலாக இருந்தது. வைப்பரைப் போட்டேன்.

"மாமா, மழையே இல்லையே" என்றாள் வக்கீலம்மா.