சித்தப்பா மகனுக்குச் சுட்ட மஃபின்

இங்கிலீஷ் மஃபின் என்றதும் காகிதக் கப்பில் வைத்த கேக்கை நினைத்துக்கொள்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. அது கேக் இல்லை. முட்டை இல்லை, இனிப்பும் பேருக்குத்தான். ஈஸ்ட் போட்டுப் பொங்க வைத்த மைதா மாவை வட்டமாக்கி, ரவையில் புரட்டி, தோசைக்கல்லில் சுட்டெடுக்கிற ரொட்டி. ஓவன் வேண்டியதில்லை. அதனால்தான் வடவள்ளியில் என் வாடகை வீட்டுச் சமையலறையில் அதைச் செய்ய முடிந்தது. ஓவன் வேண்டும் என்றிருந்தால் ஆரம்பத்திலேயே கைகழுவியிருப்பேன். இன்றைக்கு இதை எழுதும் வேலையும் இருந்திருக்காது.

செய்தது என் சித்தப்பா மகனுக்காக. அவன் அந்த வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளை, நான் எங்கள் வீட்டுக்கு ஒற்றைப் பெண். தொண்டாமுத்தூர் பக்கம் எங்கள் தோப்பும் அவர்கள் தோப்பும் ஒரே வாய்க்கால் தண்ணீரில் விளைந்தவை. அவன் நடக்கப் பழகியதே என் பாவாடையைப் பிடித்துக்கொண்டுதான். பிறகு அவன் இங்கிலாந்து போய்ப் படித்து, கொஞ்ச காலம் வேலையும் பார்த்துவிட்டு, கணபதியில் இருக்கும் சித்தப்பாவின் பம்ப் பட்டறைக்குத் திரும்பி வந்தான். அதே சமயம் நானும் ஈரோட்டிலிருந்து திரும்பி வந்தேன், கல்யாணத்தைக் கோர்ட்டில் முடித்துக்கொண்டு. ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை வேலை கிடைத்தது. சொந்தபந்தங்கள் யாரும் என்னைத் திட்டவில்லை. எங்கள் ஆட்கள் அப்படியெல்லாம் செய்ய மாட்டார்கள். மரியாதையாக, வாய் நிறைய 'ங்க' போட்டுப் பேசி, வீட்டுக்கு வராமல் இருந்துகொண்டார்கள். அந்த நாட்களில் என் வீட்டு மணியை அடித்தவன் அவன் ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான்.

அப்படி வந்த ஒரு நாள், "அங்க தெனமும் காலைல மஃபின்தானுங்க்கா. அதுதான் இன்னும் நாக்குலயே நிக்குது" என்றான். நம் ஊர் பேக்கரியில் கேட்டால் கேக்கைக் கொடுக்கிறார்களாம். "அது என்ன பெரிய வித்தையா, நான் செய்யறேன் இரு" என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் நொதித்தல் பாடம் நடத்துகிறவள் என்ற திமிர் வேறு.

ஈஸ்ட் முதல் வாரமே என் திமிரை அடக்கிவிட்டது. மாவு என்றால் ஆட்டி, மூடி, ராத்திரி முழுக்க மேடையில் வைப்பதுதானே நமக்குத் தெரிந்த முறை. இட்லி மாவுக்குச் செய்வதையே மஃபின் மாவுக்கும் செய்துபோட்டேன். காலையில் பார்த்தால் மாவு பாத்திரத்தைத் தாண்டி, அடுப்பு மேடையில் வழிந்து, அமுங்கிப்போய்க் கிடந்தது. வீடே கள்ளுக்கடை போல நாறியது. கோயமுத்தூர் குளிர்ச்சியான ஊர் என்று சொல்லிக்கொள்வதெல்லாம் பழைய பெருமை. பங்குனி மாதத்தில் ஈஸ்ட் அதை நம்பாது. அடுத்த முறை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தேன். பிசுபிசுவென்று இருந்த மாவு கைக்கு அடங்கி வந்தது.

அடுத்து கல். தண்ணீர் தெளித்தால் துள்ளி ஓடுகிற சூட்டில்தான் எனக்கு வார்க்கத் தெரியும். அந்தச் சூட்டில் போட்ட மஃபின் வெளியே கரியாகி, உள்ளே பசையாக இருந்தது. அவன் அதையும் தின்றுவிட்டு, "நல்லாத்தானுங்க்கா இருக்குது" என்றான். பொய் சொல்ல அவனுக்கு நன்றாக வரும் என்று அன்றைக்கே நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். எனக்கோ அந்தப் பொய் இனித்தது. அடுப்பைச் சிம்மில் வைத்து, மூடி போட்டு, திருப்பிப் பார்க்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது பிறகுதான் பிடிபட்டது. தோசை சுடுகிற கைக்கு அந்தப் பொறுமை லேசில் வராது.

மாவு கல்லில் படர்ந்து தட்டையாகப் போகிறது என்று புலம்பினேன். மறு வாரம் பட்டறையில் ஸ்டீல் குழாயை வளையம் வளையமாக அறுத்து, ஓரம் கையைக் கிழிக்காதபடி தேய்த்துக் கொண்டுவந்தான். வளையத்துக்குள் மாவை வைத்துச் சுட்டதும் மஃபின் உப்பி நின்றது. மஃபினைக் கத்தியால் அறுக்கக் கூடாது. முள்கரண்டியால் சுற்றிக் குத்திப் பிளக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே பொத்தல் பொத்தலாக இருக்கும், வெண்ணெய் அதில் இறங்கித் தேங்கும். அவன் ஒரு வாய் தின்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். "அதேதானுங்க்கா. அச்சு அசல் அதேதான்." ஈரோட்டு வீட்டில் நான் என்ன சமைத்தாலும் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்க மாட்டேன். பாத்திரம் கழுவும்போது பாடிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் அவனுக்குப் பெண் அமைந்தது. எங்கள் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அலங்காரத்தோடு மேடையில் அவன் பக்கத்தில் நிற்பாள். கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவளிடம். புதிதாக ஒருத்தி வருவதற்கு முன்னால், இவளும் இந்த வீட்டுக்கு உரியவள் என்று ஊர் பார்க்கச் சொல்கிற சீர் அது. உடன்பிறந்தவள் இல்லாவிட்டால் பெரியப்பா, சித்தப்பா மகள்களில் ஒருத்தி நிற்பாள்.

"மேடையில நீங்கதானுங்க்கா நிக்கோணும்" என்றான், மஃபினை மென்றுகொண்டே.

"கோர்ட்டு ஏறி வந்தவளை நிக்க வெச்சா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க, கண்ணு."

"எவனாச்சும் வாயத் தொறந்தா நான் தாலியே கட்டமாட்டேனுங்க."

நான் நம்பினேன். மேடை ஆசை அல்ல அது. என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றுகிற அத்தனை பேருக்கும் முன்னால், நான் இன்னும் இந்தக் குடும்பத்துப் பெண்தான் என்று யாராவது ஒரு முறை காட்ட வேண்டும் என்று இருந்தது. அவன் காட்டுவான் என்று இருந்தேன். அவ்வளவுதான் நான் கேட்டது.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் அவன் வருவான் என்று மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பெரியப்பா மகள் பவானியிலிருந்து கூப்பிட்டாள். கை முழுக்க மாவு, அதனால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏனுங்க்கா, இணைச்சீருக்கு நான் பச்சை கட்டினா எடுப்பா இருக்குங்களா, மாம்பழக் கலரு கட்டினா எடுப்பா இருக்குங்களா? நீங்க சொன்னாச் சரியா இருக்கும்."

"உனக்கா?"

"ஆமாங்க்கா. நீங்களே வேண்டாம்னுட்டீங்களாமா. அவன்தான் சொன்னான். உங்களுக்குப் பெரிய மனசுங்க."

மாம்பழக் கலர் என்று சொன்னேன். அவள் நல்லவள், உண்மையாகவே என் யோசனைக்காகத்தான் கூப்பிட்டாள். போனை வைத்த பிறகு எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது. விரல்களில் மாவு காய்ந்து இறுகிவிட்டிருந்தது.  

ஞாயிற்றுக்கிழமை வந்தான். அன்றைக்கு நான் கல்லையே வைக்கவில்லை. வெறும் மேசையில் உட்கார வைத்துக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான்.

"அம்மாதானுங்க்கா. பொண்ணூட்டுக்காரங்க என்ன நெனப்பாங்களோன்னு ஒரே பயம். நான் எவ்வளவோ சண்டை போட்டுப் பாத்தேனுங்க. முடியல. நீங்களே வேண்டாம்னு சொன்னதாச் சொல்லிட்டா உங்களுக்கும் மரியாதையா இருக்கும்னாங்க."

"உங்கம்மாகிட்ட நானே பேசறேன்."

"வேண்டாமுங்க்கா! அவங்களுக்கு பிரஷர் வேற ஏறிக் கெடக்குது. கல்யாணம் முடியட்டுமுங்க."

அவன் கண் கலங்கியது. நான் எழுந்து போய் அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன். என் காதில் பூச்சுற்றிக்கொண்டிருந்தவனுக்கு நான் ஆறுதல் சொன்னேன்! கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான். "இங்கிலாந்துல இருந்து ஃபிரண்ட்ஸ் ரெண்டு பேரு வாராங்க. முகூர்த்தத்தன்னிக்குக் காலைல அவங்களுக்கு மட்டும் மஃபின் போட்டுத் தருவீங்களா? நம்மூருல இதைப் பாத்தா அசந்துபோயிருவாங்க."

சரி என்றேன். அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, பாவம் என்றுதான் தோன்றியது. கோபம் முழுவதும் சித்தி மேல். சின்ன வயதில் எனக்குத் தலை வாரிவிட்ட சித்தி. வாரத்தின் நடுவில் சித்தி போன் செய்தபோது எடுக்கவில்லை. மறுபடியும் செய்தார், அப்போதும் எடுக்கவில்லை.

கல்யாணம் அவிநாசி ரோட்டில் ஒரு மண்டபத்தில். மேலே மேடை, கீழே பந்தி. விடியற்காலையில் வீட்டிலேயே சுட்டு டப்பாவில் அடுக்கிக் கொண்டுபோனேன். சமையல்காரர் ஒரு சின்னக் கல்லை ஒதுக்கிக் கொடுத்தார். மஃபினைப் பிளந்து, வெண்ணெய் தடவி, வெட்டுப்பக்கம் கல்லில் படும்படி வைத்துக்கொண்டிருந்தேன். கீழேயும் ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். கல்யாணத்தை நடத்தி வைக்கிற அருமைக்காரர் மேலே கூப்பிடுவது கணீரென்று கேட்டது: "இணைச்சீர்க்கார அம்மணி மேடைக்கு வாங்க."

என் கால்கள் ஒரு நொடி தாமாகவே நகரப் பார்த்தன. பிறகு மேளம் கொட்டினார்கள். நான் மஃபினைத் திருப்பினேன்.

முகூர்த்தம் முடிந்து சம்பந்தி வீட்டாரைப் பந்திக்கு அழைத்துக்கொண்டு சித்தி இறங்கி வந்தார். என்னைக் கண்டதும் அவர்களை உட்கார வைத்துவிட்டு, நேராக என்னிடம் வந்தார். முகம் வாடியிருந்தது.

"ஏங் கண்ணு, எம்மேல உனக்கு என்ன வருத்தம்? போன் பண்ணுனாக்கூட எடுக்க மாட்டீங்கற."

"எனக்கென்னுங்க சித்தி வருத்தம். நீங்க முடிவு பண்ணீட்டீங்க, நான் ஒதுங்கீட்டனுங்க."

"நான் என்னத்தை முடிவு பண்ணேன்? உனக்குன்னு இணைச்சீர்ச் சேலை எடுத்து, பீரோவுல வெச்சிருந்தேன். மேடையில நிக்க எனக்கு இஷ்டமில்ல, சித்திகிட்டச் சொல்லிருன்னு நீதான் சொன்னயாமா. எங்கிட்ட நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லோ?"

கல்லில் வெண்ணெய் கருகுகிற வாடை வந்தது. அடுப்பை அணைத்தேன்.

"அப்படின்னு யாருங்க சித்தி சொன்னது?"

கேட்க வேண்டியதே இல்லை. சித்தியின் முகம் மெல்ல மாறுவதைப் பார்த்தேன். என் முகத்தில் அவர் என்ன பார்த்தாரோ, கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். அவனைப் பெற்றவர் அவர். ஒரு முறை பந்திப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சம்பந்திக பாக்கறாங்க. விடு கண்ணு, இன்னிக்கு வேண்டாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கவனித்தேன்.

சித்தி பயப்படவில்லை. பெண் வீட்டாரும் ஒன்றும் கேட்கவில்லை. படிக்காத சித்தி எனக்காகச் சேலை எடுத்து வைத்திருக்கிறார். இங்கிலாந்து வரை போய் வந்தவனுக்குத்தான் நான் பக்கத்தில் நிற்பது கூச்சமாக இருந்திருக்கிறது. அதை என்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், சண்டை பிடித்திருப்பேன், கடைசியில் நானே ஒதுங்கியும் இருப்பேன். அவன் சித்தியிடம் என்னைக் கைகாட்டி, என்னிடம் சித்தியைக் கைகாட்டி, நடுவில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்து மஃபின் தின்றிருக்கிறான்.

மேடைக்கு ஆகாத கை அடுப்புக்கு ஆயிற்று. அதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

அப்போது அவனே வந்தான், மாலையும் கழுத்துமாக, முகமெல்லாம் சிரிப்பாக. நண்பர்கள் இருவரும் வாழையிலையில் இட்லிக்குப் பக்கத்தில் மஃபினை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், ஒரு வெள்ளைக்காரப் பையனும் ஒரு பெண்ணும். என்னை அவர்கள் முன்னால் கூட்டிக்கொண்டு போய், தோளில் கை போட்டு, ஆங்கிலத்தில் சொன்னான். "இதைச் செய்தது இவங்கதான். மை சிஸ்டர்."

அந்தப் பெண் எழுந்து கைகொடுத்தாள். மேடையில் மாம்பழ நிறச் சேலையில் நின்றவர்தான் சிஸ்டர் என்று தான் நினைத்துவிட்டதாகச் சொல்லி, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்பதுபோல் சிரித்தாள்.

எங்கள் வீட்டில் பெரியப்பா மகள் என்றாலும் அக்காதான், சித்தப்பா மகன் என்றாலும் தம்பிதான். கூடப் பிறந்தவர், பிறக்காதவர் என்று பிரித்துச் சொல்ல எங்களுக்கு ஒரு சொல் தேவைப்பட்டதே இல்லை. அவன் பிறந்த நாளிலிருந்து அவனை யாரிடமும் நான் வேறு மாதிரிச் சொன்னதில்லை.

"நீங்கள் நினைத்தது சரிதான்" என்று அவளிடம் ஆங்கிலத்திலேயே சொன்னேன். "மேடையில் நின்றவள்தான் சிஸ்டர். நான் கசின்."

என் தோளிலிருந்து அவன் கை இறங்கியது.