அப்பா கண்டிக்குப் போன அன்று விழுந்த கோல்

எங்கள் கால்பந்துக் கழகம் தோற்ற நாள்களில் நான் சாப்பிடமாட்டேன். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. பல்கலைக்கழக விடுதியில் கூட இருந்தவர்கள் சிரிப்பார்கள். "பதினொரு பேர் ஓடிக் களைச்சதுக்கு நீ ஏன் பட்டினி கிடக்கிறாய்?" என்பார்கள். இவர்களுக்கு விளங்காது என்று நினைத்துக்கொண்டு போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிடுவேன். துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளையாவது கழகத்தின் நீலச் சேர்ட்டைப் போட்டிருப்பான். எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். சேர்ட் போட ஆளில்லாத வீட்டுக்கும் சேர்த்து நான் கத்தினேன்.

என்னை மைதானத்துக்கு முதலில் கூட்டிக்கொண்டு போனவர் அப்பா. கடலால் வந்து, வலையைக் காயப்போட்டு, தலையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். அவருடைய ஈரத் தலைமயிரைப் பிடித்துக்கொண்டுதான் நான் கால்பந்து பார்த்துப் பழகினேன். வளர்ந்த பிறகு தோளின் இடத்தில் மதில் வந்தது. வடக்குக் கோல் கம்பங்களுக்குப் பின்னால், மேற்கற்கள் விழுந்து ஓர் ஆள் இருக்கக்கூடிய அளவுக்குப் பள்ளமான ஓர் இடம். நான் அங்கே இருக்கத் தொடங்கிய வருடம் எங்கள் கழகம் ஒரு மெச்சிலும் தோற்கவில்லை. அடுத்த வருடம் பரீட்சை என்று ஒரு நாள் போகாமல் விட்டேன். நாலு கோல் வாங்கினார்கள்.

அதோடு அது ஒரு சட்டமாகிவிட்டது. மெச்சுக்கு முதல் நாள் எங்கள் கப்டன், ஒழுங்கை முகப்பில் சைக்கிள் திருத்துகிறவர், கையில் கிறீசோடு வாசலில் வந்து நிற்பார்.

"மதிலக்கா நாளைக்கு வருவா தானே?"

அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா என்பது பகிடி. ஆனால் கேள்வி பகிடி இல்லை.

"வருவன்," என்பேன்.

"வந்தால் சரி. நீங்கள் இல்லாட்டி எங்கட பெடியளுக்குக் கால் வராது."

எங்கள் குடும்பத்தில் முதன்முதல் கையெழுத்து வைத்தவள் நான். அப்பாவும் அம்மாவும் பெருவிரலை மையில் தோய்த்தவர்கள். வங்கியோ கந்தோரோ ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் நான் முன்னால் போவேன், அவர்கள் பின்னால் வருவார்கள். படிவம் நிரப்புவேன், சிங்களத்தில் கதைப்பேன், இங்கிலீசில் இருப்பதை வாசித்துச் சொல்வேன். அதில் எனக்கு இருந்த பெருமையை மறைக்கவில்லை. இவ்வளவும் தெரிந்தவள், விஞ்ஞானத்தில் பட்டம் எடுத்தவள், நான் ஒரு மதிலில் குந்தியிருப்பதால்தான் பந்து வலைக்குள் போகிறது என்று நம்பினேன்.

அப்பாவின் இடது கண் நாங்கள் கண்டுபிடிக்கும்போதே போயிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிற வருத்தம், குளுக்கோமா. நோவு இருக்காது, ஓரத்தில் இருந்து மெல்ல மெல்லப் பார்வையைத் தின்னும். வலது கண்ணைக் காப்பாற்றத் தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து விட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்டியில் கிளினிக். மருந்தும் அங்கேதான் தருவார்கள். முதல் இரண்டு தரமும் விடிய முதல் பஸ் ஏறி நான்தான் அவரைக் கூட்டிப் போனேன். மூன்றாம் தரத்துக்கும் கந்தோரில் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. காரணம்: தந்தையின் கிளினிக்.

பிறகுதான் அரையிறுதி அதே நாளில் என்று தெரிந்தது.

குசினியில் அம்மா இடியப்பம் பிழிந்துகொண்டே கேட்டா, "மனுசன் தனியப் போகுமே?"

"ரெண்டு தரம் போனவர் தானே அம்மா. வழி தெரியும்."

"வழி தெரியும். பாசை?"

அப்பா கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். "நான் என்ன சின்னப் பிள்ளையே?" என்றார். "அவள் மதிலுக்குப் போகட்டும். பிறகு தோத்தால் ஒழுங்கையில என்னையெல்லோ பேசுவாங்கள்."

எனக்குத் தேவையாக இருந்ததும் அந்த ஒரு வசனம்தான். ஒரு துண்டுக் கடதாசியில் சிங்களத்தில் எழுதினேன்: இவர் கண் கிளினிக்குக்கு வந்தவர், இவருக்குச் சிங்களம் தெரியாது, தயவுசெய்து உதவுங்கள். அதை அவருடைய சேர்ட் பொக்கற்றில் வைத்தேன். லீவு விண்ணப்பத்தை நான் மாற்றவில்லை.

மெச் நாலு மணிக்குத் தொடங்கியது. இடையில், எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுகள் மாதிரித் திரிகிற மான்களில் இரண்டு மைதானத்துக்குள் வந்து நடு வட்டத்தில் நின்று புல் மேய்ந்தன. நடுவர் விசிலை ஊதி ஊதிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "ஓஃப்சைட்" என்று யாரோ கத்த மைதானம் முழுக்கச் சிரித்தது. கடைசி நிமிடங்களில் எங்களுக்கு ஒரு கோல் விழுந்தது, அதனால் வென்றோம். நான் மதிலால் குதித்ததில் முழங்கால் உரிந்தது. அது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

இருட்டுப்படுகிற நேரம். மேளமும் எக்காளமுமாகப் பப்பரே வாத்தியத்தோடு, பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. பெடியள் பெட்டியில் ஏறி நின்று ஆடினார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, சுவரோடு சுவராக, கையில் பையுடன் அப்பா வந்தார்.

"அப்பா, வெண்டிட்டம்."

"ஓம், சந்தியில சொன்னவங்கள்."

"கிளினிக்கில என்ன சொன்னவை?"

"எல்லாம் சரி. பாத்தவை."

நான் திரும்பி வாத்தியத்துக்குப் பின்னால் போனேன். அவர் பையை ஆணியில் கொழுவினார். அதற்குள் கிளினிக் கொப்பி இருந்தது. வடை சுற்றி வருகிற பேப்பர்த் துண்டையும் வாசிக்காமல் எறியாத நான், அந்தக் கொப்பியைத் திறந்து பார்க்கவில்லை. அடுத்த கிழமை இறுதிப் போட்டி. என் தலைக்குள் வேறு எதற்கும் இடம் இல்லை.

இறுதிப் போட்டியில் பெனல்டியில் தோற்றோம். உப்புவெளிப் பக்கத்து அணி கப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் சந்தியால் வேண்டுமென்றே இரண்டு தரம் ஊர்வலம் போனது. நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கந்தோருக்கும் போகவில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் அப்பா பாணும் சம்பலும் கோப்பையில் போட்டுக் கொண்டுவந்து என் கட்டில் காலடியில் இருந்தார்.

"பிள்ளை, சாப்பிடு. கப் எங்க போகப்போகுது? வாற வருசமும் அங்கதான் இருக்கும்."

"உங்களுக்கு விளங்காது அப்பா."

அவர் கோப்பையைப் பிடித்தபடியே இருந்தார். சம்பலில் இருந்து ஒரு மிளகாய்த் துண்டை விரலால் தேடிப் பிடித்து ஓரமாக வைத்தார். தேடிப் பிடித்தார் என்பதை நான் அன்று பார்த்தேன். ஆனால் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் போயிருக்கும். அடுத்த கிளினிக்குக்கு லீவு எழுத வேண்டும் என்று திகதி பார்க்கக் கொப்பியை எடுத்தேன். கடைசி முத்திரை நான் கூடப் போன நாளுடையது. அதற்கு அடுத்த பக்கம் வெள்ளையாக இருந்தது. முன்னும் பின்னும் புரட்டினேன்.

"அப்பா, போன முறை கொப்பியில எழுதேல்லையே?"

"முந்தி உன்னோட வந்து இருந்த கதவுக்கு முன்னாலதான் போய் இருந்தனான். கதவு பூட்டியிருந்தது. திறப்பாங்கள் எண்டு பாத்தன். பன்னெண்டு மணியாச்சு. பிறகு பஸ்ஸைப் பிடிச்சு வந்தனான்."

"ஒருத்தரும் இல்லையோ? ஒண்டும் எழுதியிருக்கேல்லையோ?"

"கதவில ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. அதில என்ன கிடக்கெண்டு எனக்கு என்ன தெரியும்."

கிளினிக் அன்று வேறு கட்டடத்தில் நடந்ததாகப் பிறகு விசாரித்து அறிந்தேன். அதை மூன்று மொழியிலும் எழுதித்தான் ஒட்டியிருந்திருப்பார்கள், தமிழிலும். நான் நின்றிருந்தால் நடக்கிற நடையிலேயே வாசித்திருப்பேன். நான் எழுதிக் கொடுத்த துண்டைப் பற்றிக் கேட்டேன். அலுமாரியில் மடித்து வைத்திருந்த சேர்ட்டின் பொக்கற்றில் அது இருந்தது, தோய்த்துக் கட்டியாகி. அவர் அதை யாரிடமும் நீட்டவில்லை.

"ஏன் அண்டைக்கே சொல்லேல்ல?"

"நீ சிரிச்சுக்கொண்டு ஓடி வந்தாய்."

மருந்துப் போத்தலை வாங்கிக் குலுக்கினேன். வெறும் போத்தல். அது முடிந்து எவ்வளவு நாள் என்று அவருக்கே தெரியவில்லை. காலையும் மாலையும் அண்ணாந்து கண்ணுக்கு மேலே அதைப் பிடித்ததை நான் கண்டுகொண்டுதான் இருந்தேன். எனக்குக் காட்டப் பிடித்திருக்கிறார்.

அடுத்த நாளே கண்டிக்குக் கூட்டிப் போனேன். வைத்தியர் ஆறுதலாகப் பேசுகிற பெண். போன பார்வை திரும்பாது, இனி வெளிச்சமும் நிழலும்தான் என்றார். மருந்து இல்லாத அந்த நாள்களால்தானா என்று சிங்களத்தில் கேட்டேன். "அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது," என்றார்.

"என்னவாம்?" என்று அப்பா கேட்டார்.

"அதாலதான் எண்டு சொல்ல ஏலாதாம்," என்றேன். மற்ற வசனத்தை நான் இன்றுவரை அவருக்குத் தமிழில் சொல்லவில்லை.

அதன் பிறகு மைதானத்துப் பக்கம் போகவில்லை. கப்டன் வாசலில் வந்து நின்றால் அம்மாவைக் கொண்டு இல்லை என்று சொல்லுவித்தேன். பப்பரே சத்தம் கேட்டால் யன்னலைச் சாத்தினேன். கழகத்தை விட்டுவிட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர்கள் தோற்றார்கள் என்று கேள்விப்பட்டபோது உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது. முன்பு பட்டினி கிடந்ததைவிட அது கேவலமாக இருந்தது. அந்தப் பெடியள் எனக்கு என்ன செய்தார்கள்? அவர்கள் பந்தை அடித்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை அப்பா சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"இண்டைக்கு மெச் தானே. வா, போவம்."

"உங்களுக்கு அங்க என்ன தெரியப்போகுது?" வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என் காதில் கேட்டது.

"நீ சொல்லு," என்றார். "கடதாசி வாசிச்சுச் சொல்லுறது மாதிரி."

மதிலில் அவரால் ஏற முடியாது. நடுக்கோட்டுக்கு நேரே வாகை மரத்தின் கீழே ஒரு பலகையில் இருந்தோம். முதல் பத்து நிமிடம் எனக்குச் சரிவரவில்லை. எங்கள் ஆள் பந்தைத் தவறவிட்டதும் பழக்கத்தில் "ஐயோ" என்றேன். அப்பா என் கையைப் பிடித்து "என்ன, என்ன?" என்றார். நான் சொல்லி முடிக்கிறதுக்குள் பந்து எங்கேயோ போய்விட்டது. இன்னொரு தரம் கத்தினேன். மறுபடியும் "என்ன?" அவருக்கு என் கத்தலால் ஒரு பிரயோசனமும் இல்லை. பந்து யாரிடம், எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதுதான் வேண்டும். எங்கள் பெடியளைப் பற்றி மட்டும் சொன்னால் "அவங்கட ஆக்கள் என்ன நித்திரையோ?" என்று கேட்டார். அதனால் மற்றப் பக்கத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. இத்தனை வருடத்தில் எதிரணியை நான் எதிரணியாகத்தான் பார்த்திருந்தேன். அன்று அவர்களின் ஏழாம் இலக்கப் பெடியன் பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு போனதை, அவன் எங்கள் இருவரை வெட்டிய விதத்தை, கோலைப் போட்டதை, குரலை உயர்த்தாமல் முழுதாகச் சொன்னேன்.

"கெட்டிக்காரன்," என்றார் அப்பா.

இரண்டுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். கப்டன் வியர்வையோடு எங்களைத் தாண்டிப் போகும்போது நின்றார். "மதிலக்கா மதிலில இல்லை. பிறகென்ன, தோக்கத்தானே வேணும்."

"உங்கட பின்வரிசைக்கு ஓட ஏலாது," என்றேன். "அதுக்கு மதில் என்ன செய்யும்?"

அவர் சிரித்துக்கொண்டு போனார். எனக்கு நெஞ்சு அடைக்கவில்லை. பசித்தது.

திரும்பி வரும்போது அப்பா என் முழங்கையைப் பிடித்தபடி நடந்தார். கடற்கரை வீதித் திருப்பத்தில் கேட்டார்:

"நான் கண்டிக்குப் போன அண்டைக்கு ஒரு கோல் விழுந்ததெல்லோ. அது எப்பிடி? நீ எனக்குச் சொல்லவே இல்லை."

அவர் காத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். இடது மூலையில் இருந்து கோர்னர். அவங்கட கீப்பர் பந்தைக் குத்தி வெளியே விட்டான். அது எங்கள் பின்வரிசைக் கட்டைப் பெடியனிடம் வந்தது. அவன் அடித்தான், காலில் படவில்லை, முழங்காலுக்குக் கீழே எலும்பில் பட்டது. பந்து கம்பத்தில் மோதித் திரும்பி, விழுந்து கிடந்த கீப்பரின் முதுகில் பட்டு, உருண்டு உள்ளே போனது.

அப்படித்தான் நடந்தது. இவ்வளவு நாளும் அது எனக்கு நெருப்பு மாதிரி ஒரு கோலாக ஞாபகத்தில் இருந்தது. நிதானமாகச் சொல்லிப் பார்த்தபோதுதான் அது என்ன என்று தெரிந்தது.

அப்பா நின்றுவிட்டார். தோள் குலுங்கச் சிரித்தார். "கீப்பரின்ர முதுகாலயோ? அது ஒரு கோலோ பிள்ளை? அதுக்கோ ஒழுங்கை முழுக்க மேளம் அடிச்சவங்கள்?"

"ஓம் அப்பா," என்றேன். "அதுக்குத்தான்."

அவர் நெடுநேரம் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அதை அவர் காணமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். வீதியோரத்தில் மூடியில்லாத வடிகான் வந்தது. மழைத் தண்ணீர் அதன் அடியில் ஓடிக்கொண்டிருந்தது.

"முன்னால கான்," என்றேன். "பெரிசா ஒரு காலடி வையுங்கோ."

சிரிப்பை நிறுத்தாமலே அவர் காலைத் தூக்கினார்.