நாலு பாட்டில் போக மிச்சம்

பசுவந்தனை பொன்மணிக்கு எதையும் ஒரு தடவை அளந்தால் மனசு ஆறாது. ஆஸ்பத்திரியில் எடை பார்த்தால் பக்கத்தில் நிற்பவளையும் ஏற்றி மெஷினைச் சோதிப்பாள். மகள் வனிதா பிள்ளை பெற்ற பதினோராம் நாள், அந்தக் குணம் வீட்டையே பசியோடு உட்காரவைத்துவிட்டது.

மகளுக்கு உளுந்தங்களி கிண்ட, சொந்தக் காட்டு எள்ளை முந்தின நாள் கோவில்பட்டிச் செக்கில் ஆட்டி வந்திருந்தாள். ஆட்டியது, வடித்தது, நிறுத்தது எல்லாம் அவள் கண் முன்னால்தான். கேனோடு நாலு கிலோ முந்நூறு. கேன் போக நாலு கிலோ. பிறகு கேனை அங்கேயே வைத்துவிட்டு எதிர்க்கடைக்குக் காப்பி குடிக்கப் போனாள். அந்தப் பத்து நிமிடம்தான் இப்போது உறுத்தியது. ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோதானே? காலையில் லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் நாலும் நிறைந்து, கேனில் ஒன்றரை டம்ளருக்கு மேல் மிச்சம்.

“கூடுதலா வந்தா சந்தோசப்படுவியா, மூஞ்சியத் தூக்கிட்டு நிக்குத?” என்றார் கணவர் சங்கரபாண்டி.

“கொறஞ்சா செக்குக்காரன் எடுத்துட்டான்னு விட்டிருவேன். கூடியிருக்கே! நான் அங்கிட்டுப் போன நேரம் என்னத்த ஊத்துனானோ? பச்ச ஒடம்புக்காரிக்கு இதக் குடுக்கவா?”

உளுந்து மாவும் கருப்பட்டிப் பாகும் தயார். எண்ணெய் இல்லாமல் அடுப்பு அணைந்து கிடந்தது.

“யம்மா, பசிக்கி,” என்றாள் வனிதா.

பொன்மணி எண்ணெயை மறுபடி கேனுக்கே மாற்றினாள். காலிப் பாட்டில் ஒன்று, தராசைச் சோதிக்கத் தண்ணீர்ப் பாட்டில் ஒன்று. எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு செண்பகராஜ் மளிகைக் கடைக்கு நடந்தாள்.

“என்ன மதினி, தண்ணி யாவாரமும் ஆரம்பிச்சிட்டியளா?” என்றார் செண்பகராஜ்.

“ஒம்ம தராசு ஒழுங்கான்னு பாக்கணும், அண்ணாச்சி.”

தண்ணீர், பாட்டில் எடை போக ஒரு கிலோ. தராசு ஒழுங்குதான். கேனை வைத்தாள். நாலு கிலோ முந்நூறு. செக்கில் பார்த்த அதே எண்.

“அப்ப யாரும் எதையும் ஊத்தல. பெறகெப்படி பாட்டில் பத்தல?”

காலிப் பாட்டிலில் எண்ணெயை நிரப்பி வைத்தாள். பாட்டில் போகத் தொள்ளாயிரத்து இருபது கிராம். எடுத்து மறுபடி வைத்தாள், அதேதான். நாலு பாட்டிலுக்கும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சம் குறைந்தால், அதெல்லாம் சேர்ந்துதான் அந்த மிச்சம்.

வீட்டுக்கு வந்ததும் களி கிண்டிக்கொண்டே மகளிடம் சொன்னாள்: “ஏட்டி, தண்ணிய விட எண்ணெ லேசாம்!”

“அதான் கொழம்புல மேல மெதக்குதுல்லா?”

கரண்டி நின்றது. முப்பது வருடமாகக் குழம்பு வைக்கிறவள் அவள்.

“நீ சும்மா கெட,” என்று களியில் குழி பறித்து, வனிதா போதும் போதும் என்கிற வரைக்கும் எண்ணெயை ஊற்றினாள்.