ராஜஸ்ரீயின் இடது பக்கம்

என் மனைவி ராஜஸ்ரீ எந்த வீடியோ கேமையும் தனியாக ஆடியவள் இல்லை. இத்தனைக்கும் தொண்ணூறுகளில் கரமனை அக்ரஹாரத்தில் முதன்முதலாக டிவி கேம் வந்தது அவள் வீட்டுக்குத்தான்.

மஸ்கட்டிலிருந்து வந்த சித்தப்பா பெட்டியைக் கொடுத்துவிட்டு அன்றைக்கே கிளம்பிவிட்டார். எப்படி ஆடுவது என்று சொல்ல ஆளில்லை. கையில் பிடிக்கிற ரிமோட் ஒன்றுதான் இருந்தது. பிள்ளைகள் இரண்டு பேர், இவளும் தம்பி ஜெயந்தும். ரிமோட்டில் இடது பக்கப் பட்டன் திரையில் இருக்கும் குள்ளனை ஓடவைக்கும், வலது பக்கப் பட்டன் குதிக்கவைக்கும். சரி, இரண்டு பேர் சேர்ந்து ஆடத்தான் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். இவள் இடது பக்கம், அவன் வலது பக்கம். ஒரே ரிமோட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்காக ஆடியிருக்கிறார்கள். ஒருத்தரே ஆடலாம் என்பது இவளுக்குக் காலேஜில்தான் தெரிந்ததாம். படித்த குடும்பம் என்று பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

இப்போது அவள் கவர்ன்மென்ட் ஆபீஸில் ஹெட் கிளார்க். யார் வந்து கத்தினாலும் முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டு நிற்பாள். அந்தப் பொறுமை எனக்கு எப்போதுமே எரிச்சல். தம்பிக்குப் பக்கவாதம் வந்தபோதும் அவள் அழவில்லை.

ஜெயந்த் தனிக்கட்டை, கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் வேலை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் கூட்டிவந்தோம். கால் தேறிவிட்டது, இடது கை மட்டும் தேறவில்லை. பிசியோதெரபிஸ்ட் ஆஷா தினமும் வந்து மலையாளம் கலந்த தமிழில் சொல்லிப் பார்த்தாள். "இந்த ரெண்டு மூணு மாசத்தை விட்டா கை இப்படியே நின்னுபோகும், கேட்டோ. விரலை அசைக்கணும்." அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். அவள் கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கடியில் கிடந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பயமாகவும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜஸ்ரீ சாலைக் கடைத்தெருவுக்குப் போய், டிவியில் செருகினால் பழைய ஆட்டமெல்லாம் வருகிற ஒரு குச்சியை வாங்கிவந்தாள். சாப்பாடு ஆனதும் செருகினாள். அந்தக் குள்ளன் வந்தான். எங்கள் பெரிய டிவியில் அவன் மூக்கு மட்டுமே ஒரு சதுரமாக இருந்தது.

"இதுக்கா இத்தனை அமர்க்களம்?" என்றேன்.

"சும்மா இருங்கோ," என்று சொல்லிவிட்டு, தம்பியின் இடது பக்கம் போய் ஒட்டி உட்கார்ந்து ரிமோட்டின் பாதியை நீட்டினாள்.

அவன் வலது கட்டைவிரலை வைத்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை. இவள் ஓட்டினாள், அவன் குதித்தான். பள்ளம், பாறை, உருண்டு வரும் பீப்பாய் எல்லாம் தாண்டிக் குள்ளன் போய்க்கொண்டே இருந்தான். இரண்டு உடம்புக்கு எப்படி ஒரே மனசு வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அந்த ஆட்டத்தைச் செய்தவனையும் கும்பிடத் தோன்றியது. படம் பழசு, சத்தம் பழசு, ஆனால் விரல் பட்ட அதே நொடி குள்ளன் தாவுகிறான். வேண்டாத இடத்தில் ஒரு பள்ளம்கூட இல்லை. போன வருஷம் வாங்கிய என் போன் இதற்குள் திணறுகிறது.

ஜெயந்த் சிரித்தான். அவன் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

அந்த நேரம் பார்த்து ராஜஸ்ரீ ஆட்டத்தை நிறுத்தினாள். "நீ இனிமே இந்தப் பக்கம் வாடா."

அவன் முகம் சுருங்கிவிட்டது. "ஆஷா சொல்லிக் குடுத்தாளா? போறும் அக்கா, ஆட்டம் போறும்."

கெடுத்தாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால் யார் எழுப்புவது?

"ஆஷாவும் இல்லை, ஒருத்தரும் இல்லை," என்றாள். "இத்தனை வருஷம் நான் ஓட்டிண்டேதான் இருந்தேன், ஜெயந்தா. ஒரு தடவைகூடக் குதிச்சது கிடையாது. எனக்கும் குதிக்கணும்னு ஆசை இருக்காதா?"

அவள் குரல் உடைந்தது. ஜெயந்த் நகர்ந்து இடம் மாறி உட்கார்ந்தான். வலது கையால் இடது கட்டைவிரலைத் தூக்கிப் பட்டன்மேல் வைத்தான்.

குள்ளன் ஓரடி நகர்ந்தான், நின்றான், இன்னும் ஓரடி நகர்ந்தான். பள்ளம் வருவதற்கு முன்பே ராஜஸ்ரீ அவசரப்பட்டுக் குதித்தாள். குள்ளன் நேராக உள்ளே விழுந்தான்.

"ஐயோ அக்கா, விளிம்புவரைக்கும் போகட்டும், அப்பறம் குதி. நீ இவ்வளவு மோசமாக்கும்னு எனக்குத் தெரியாது."

"பின்னே, ஒழுங்கா ஓட்டறவன் ஓட்டினாத்தானேடா குதிக்க முடியும்?"

ஆட்டம் முதலிலிருந்து ஆரம்பித்தது. ஜெயந்தின் வலது கை மடியிலேயே கிடந்தது. இடது கட்டைவிரல் தானாக, மெதுவாகப் பட்டன்மேல் ஏறியது.